கடினமான காரா, கெட்ட காரா? இரண்டு ஸ்போர்ட்ஸ் கார்களை ஓட்டி எடைபோடும் முறை

மோட்டார் சஞ்சிகைகள் ஒன்றுக்கொன்று போட்டியான இரண்டு ஸ்போர்ட்ஸ் கார்களை ஒப்பிடும்போது, ஒன்றைப் பற்றி "சாரதியிடம் நிறைய எதிர்பார்க்கிறது" என்று எழுதும். அதைப் படித்துவிட்டு ஒருவர் ஆசைப்பட்டு வாங்குவார், இன்னொருவர் பயந்து விலகுவார். இருவரும் கேட்காமல் விட்ட கேள்விகள் சில உண்டு. வளைவின் எந்த இடத்தில் அது எதிர்பார்த்தது? பிரேக்கில் கால் இருந்தபோதா, ஆக்சிலரேட்டரை விட்டபோதா? வீதி ஈரமா, காய்ந்ததா? டயர் எது, எத்தனை வருடம் பழையது?

கடினமான கார், டயரின் பிடி விடும் எல்லையை நெருங்கும்போதே தகவல் சொல்லிவிடும். சாரதி சரியானதைச் செய்தால் சொன்னபடி கேட்கும். கெட்ட கார் எதுவும் சொல்லாது, சொன்னாலும் திருத்த நேரம் தராது. முதல் அறிகுறிக்கும் கார் கைவிட்டுப் போவதற்கும் இடையில் எவ்வளவு நேரம் கிடைக்கிறது என்பதைத்தான் தேர்ந்த சோதனையாளர்கள் தேடுகிறார்கள். சுற்று நேரம், பிடிமானத்தின் அளவு எல்லாம் அதற்குப் பிறகுதான். அதையே கொழும்பில் இருந்துகொண்டு செய்வதற்கான முறை இது.

ஓட்டுவதற்கு முன்: டயர், காற்று, எலைன்மென்ட்

தவறான தீர்ப்புகளில் பெரும்பாலானவை கார் நகர்வதற்கு முன்பே பிறந்துவிடுகின்றன. கொழும்பில் ஓடும் ஸ்போர்ட்ஸ் கார்களில் பல, யப்பானில் பாவித்த பின் இறக்குமதியானவை. வார இறுதியில் மட்டும் வெளியே வரும், ஆண்டுக்குச் சில ஆயிரம் கிலோமீற்றர்தான் ஓடும். தவாளிப்பு தேயாமலே டயர் வயதாகிவிடும். பார்வைக்குப் புதிதுபோல இருக்கும், இறப்பர் இறுகிப்போயிருக்கும்.

ஆகவே முதலில் டயரின் பக்கச்சுவரில் டிஓடி என்ற எழுத்துகளோடு வரும் குறியீட்டைப் படியுங்கள். கடைசி நான்கு இலக்கங்கள்தான் தேவை. 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்த டயர். நான்கு இலக்கமும் ஒரு பக்கச்சுவரில் மட்டும்தான் இருக்கக்கூடும், வெளிப்பக்கத்தில் காணாவிட்டால் காருக்கு அடியில் குனிந்து உட்பக்கத்தைப் பாருங்கள். ஆறு வருடத்தைத் தாண்டிய டயரில் ஓடும் காரைப் பற்றி எந்தத் தீர்ப்பும் எழுத வேண்டாம். முன்னிரண்டு ஒரு வகை, பின்னிரண்டு இன்னொரு வகை என்றிருந்தாலும் அதே கதைதான். பின்டயர் மட்டும் இறுகியிருந்தால் எந்தக் காரும் வாலை வீசும், பழி சஸ்பென்ஷனில் விழும்.

அடுத்தது காற்று. டயர் கடையில் சொல்லாமல் விட்டால் எந்தக் காராக இருந்தாலும் நான்கு சில்லுக்கும் ஒரே அளவை அடித்துவிடுவது வழக்கம். முதல் தலைமுறை மஸ்டா எம்எக்ஸ்-5க்கு உற்பத்தியாளர் சொல்வது 26 பிஎஸ்ஐ. டொயோட்டா 86க்கு 35. இரண்டுக்கும் 35 அடித்துவிட்டு ஒப்பிட்டால் மஸ்டா பள்ளம் மேடுகளில் துள்ளும், டயரின் நடுப்பகுதி மட்டும் வீதியில் படும், ஸ்டியரிங் பதற்றமாகத் தோன்றும். அது காரின் குணம் அல்ல. சாரதிக் கதவைத் திறந்து தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள். யப்பானியக் கார்களில் அது கிலோபாஸ்கலில் இருக்கும்: 180 என்றால் 26 பிஎஸ்ஐ, 220 என்றால் 32, 240 என்றால் 35.

காற்றை அதிகாலையில், கார் இரவு முழுக்க நின்ற பிறகு அளக்க வேண்டும். டயரின் வெப்பநிலை சுமார் 5.5 பாகை கூடினால் அழுத்தம் 1 பிஎஸ்ஐ அளவில் ஏறும். பகல் வெயிலில் நின்ற காரின் வெயில் பக்க டயர்கள் நிழல் பக்கத்தைவிட 2, 3 பிஎஸ்ஐ கூடக் காட்டுவது இதனால்தான். அந்த நேரத்தில் சமப்படுத்தினால், குளிர்ந்த பிறகு இடமும் வலமும் வேறுபட்டு நிற்கும். சொந்தமாக ஒரு அழுத்தமானி வைத்திருந்து இரண்டு காரையும் அதனாலேயே அளந்துகொள்ளுங்கள். அதன் அளவு கொஞ்சம் பிழையாக இருந்தாலும் இரண்டுக்கும் ஒரே பிழையாக இருக்கும்.

வீல் எலைன்மென்ட் செய்யக் கொடுத்தால் அச்சடித்த தாளைக் கேட்டு வாங்குங்கள். பல இடங்களில் முன்சில்லுகளை மட்டும் நேராக்கிவிட்டு அனுப்பிவிடுவார்கள். ஸ்போர்ட்ஸ் காரில் நமக்கு முக்கியம் பின்சில்லு. பின்சில்லுகளின் முன்னோரங்கள் சற்று உள்நோக்கி இருக்க வேண்டும், எவ்வளவு என்பதை அந்தக் காரின் சேர்விஸ் புத்தகம் சொல்லும். வெளிநோக்கித் திரும்பியிருந்தால் நேர் வீதியிலேயே வால் அலையும், வளைவில் ஆக்சிலரேட்டரை விட்டவுடன் பின்பக்கம் சட்டென்று வெளியே போகும். சில்லின் சாய்வு இடத்துக்கும் வலத்துக்கும் அரைப் பாகைக்கு மேல் வேறுபட்டால் கார் ஒரு பக்கம் நன்றாகத் திரும்பும், மறுபக்கம் முரண்டு பிடிக்கும். ஏதோவொரு காலத்தில் அடிபட்ட கார் என்பதற்கு அது அடையாளமாகவும் இருக்கலாம்.

ஜாக்கியில் உயர்த்தியவுடன் இன்னும் இரண்டைப் பார்த்துவிடலாம். சில்லை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினால் ஆட்டம் தெரிகிறதா? அப்படியானால் பால் ஜொயின்ட் அல்லது பெயரிங் தேய்ந்திருக்கிறது. பக்கவாட்டில் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆட்டம் இருந்தால் ஸ்டியரிங் கம்பிகளின் முனை. சஸ்பென்ஷன் கைகளின் இறப்பர் புஷ்களில் டோர்ச் அடித்து வெடிப்புப் பாருங்கள். பஞ்சிகாவத்தையில் கழற்றி விற்கும் பழைய கையை அப்படியே மாட்டியிருந்தால், உலோகம் நன்றாக இருக்கும், உள்ளே இருக்கும் இறப்பர் முன்னைய கார் கண்ட வயதையெல்லாம் சுமந்துகொண்டிருக்கும்.

பிரேக் எண்ணெயையும் விடக் கூடாது. டொட் 4 எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரத்தை உறிஞ்சிய பிறகு அந்த எல்லை 155 வரை இறங்கலாம். கொழும்பின் ஈரக்காற்றில் இரண்டு வருடத்துக்கு மேல் மாற்றாமல் விட்ட எண்ணெயோடு நான்கைந்து தடவை பலமாகப் பிரேக் பிடித்தால் பெடல் நீளும், மனம் கலங்கும், அந்தக் கலக்கம் அப்படியே குறிப்புப் புத்தகத்தில் "நம்பிக்கை தராத கார்" என்று ஏறும்.

பெற்றோல் இரண்டிலும் அரைத் தாங்கி. எடை வித்தியாசம் சிறிது என்று நினைக்க வேண்டாம். போர்ஷே 911இல் தாங்கி முன்பக்கம் இருக்கிறது. நிறைந்த தாங்கிக்கும் வெறும் தாங்கிக்கும் முன்சில்லுகளின் மேல் 40 கிலோவுக்கு மேல் வேறுபாடு வரும். எஞ்சின் பின்னால் இருக்கும் காரில் முன்பிடி எவ்வளவு என்பதே கேள்வியாக இருக்கும்போது, அந்த 40 கிலோ விடையை மாற்றிவிடும். டிக்கியில் கிடக்கும் ஜாக்கி, தண்ணீர்ப் போத்தல், குடை எல்லாவற்றையும் வெளியே எடுங்கள்.

எங்கே ஓட்டுவது

பொது வீதியில் எல்லையைத் தேடக் கூடாது. பொலிஸ் ஒரு காரணம், பெரிய காரணம் அதுவல்ல: திரும்பத் திரும்ப ஒரே வளைவை ஒரே வேகத்தில் எடுக்க முடியாத இடத்தில் சோதனை என்பதே கிடையாது. வீதியில் ஸ்டியரிங்கின் கனம், பிரேக் பெடலின் உணர்வு, குலுங்கல், கியர், இருக்கை, பார்வை ஆகியவற்றைப் பார்க்கலாம். ஞாயிறு காலை ஆறு மணிக்கு மரைன் டிரைவிலும் பத்தரமுல்லைப் பக்கத்து அகன்ற வீதிகளிலும் சட்ட வேகத்துக்குள் ஓடினாலே இவை எல்லாம் தெரிந்துவிடும். தெற்கு அதிவேக நெடுஞ்சாலையில் உச்ச வேகம் மணிக்கு 100 கி.மீ. அங்கே தெரிவது ஒன்றே ஒன்று: நேராகப் போகும்போது கார் தானாக நிலைக்கிறதா, அல்லது கை ஓயாமல் திருத்திக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறதா என்பது. கண்டி–மஹியங்கனை வீதியின் பதினெட்டு வளைவுகளில் ஆசை வரும். எதிரே பஸ் வரும் வீதி அது. இரண்டாம் கியரில் ஸ்டியரிங் எவ்வளவு சுற்ற வேண்டியிருக்கிறது என்று பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எல்லையைத் தேட, மூடிய தார்த்தளம் வேண்டும். களுத்துறைக்குப் பக்கத்தில் பழைய விமான ஓடுபாதையில் அமைந்த கட்டுக்குருந்த தளம் கொழும்புக்காரருக்கு எட்டும் தூரம். மோட்டார் விளையாட்டுக் கழகங்கள் அனுமதியோடு ஏற்பாடு செய்யும் நாட்களில் மட்டும் போங்கள். சுற்றிச்சுற்றி ஓடும் சோதனைக்கு ஓடுபாதையின் அகலம் போதாது, அதற்கு 80 மீற்றர் சதுரமான, விளக்குக் கம்பமோ கொங்கிரீட் விளிம்போ இல்லாத தளம் தேவை. ஹெல்மெட், தீயணைப்பான், தளத்துக்கு வெளியே பார்த்து நிற்க ஒருவர், இவை மூன்றும் இல்லாமல் தொடங்க வேண்டாம். சாதாரணக் காப்புறுதி பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் பொதுவாகச் செல்லாது என்பதையும் காரின் சொந்தக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

நேரம் காலை ஒன்பதுக்குள். நண்பகலில் தார் கொதிக்கும், இரண்டாவதாக ஓடும் கார் முதல் காரைவிட வேறொரு தளத்தில் ஓடுகிறது என்றாகிவிடும். மழை வந்தால் அந்த நாளின் காய்ந்த தளக் குறிப்புகளோடு ஈரக் குறிப்புகளைக் கலக்காமல் தனித் தாளில் எழுதுங்கள். பல நாள் வெயிலுக்குப் பிறகு வரும் முதல் மழையின் ஆரம்ப நிமிடங்களில் தாரிலிருந்து எண்ணெயும் தூசியும் மேலே வந்து எந்தக் காரையும் வழுக்கும். அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

வட்டத்தில் ஓடிப் பார்ப்பது

அமெரிக்க சஞ்சிகைகள் 200 அல்லது 300 அடி விட்டமுள்ள வட்டத்தில் காரைச் சுற்ற வைத்துப் பக்கப்பிடியை, அதாவது வளைவில் கார் பக்கவாட்டில் வழுக்காமல் டயர் பிடிக்கும் அளவை, அளக்கின்றன. 20 மீற்றர் ஆரம் நமக்குப் போதும். நடுவில் ஒரு கூம்பு, அதிலிருந்து 19 மீற்றர் கயிறு பிடித்துச் சுற்றிலும் 16 கூம்புகள். கூம்பை ஒட்டி ஓடினால் காரின் நடுக்கோடு ஏறத்தாழ 20 மீற்றரில் வரும்.

இரண்டாம் கியரில் மெதுவாகத் தொடங்கி, ஒவ்வொரு சுற்றிலும் சிறிது வேகம் கூட்டுங்கள். காரைக் கூம்புக் கோட்டில் வைத்திருக்க இனி முடியாது என்ற இடம் வரும். அந்த வேகத்தில் ஒரு முழுச் சுற்றின் நேரத்தை அளந்து, 80.5ஐ நேரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் புவியீர்ப்பின் மடங்கில் பக்கப்பிடி கிடைக்கும். 10 செக்கனில் ஒரு சுற்று என்றால் 0.8. மணிக்கு 45 கி.மீ வேகம்தான் அது, ஆனால் உள்ளே இருப்பவருக்கு அப்படித் தோன்றாது. 9.5 செக்கன் என்றால் கிட்டத்தட்ட 0.9. வலஞ்சுழியாக மூன்று, இடஞ்சுழியாக மூன்று ஓடிச் சராசரி எடுங்கள். நம் கார்களில் சாரதியின் எடை வலப்பக்கம் இருப்பதால் இரு திசையும் ஒன்றாக வராது. நான்காவது சுற்றுக்குப் பிறகு டயர் சூடேறி எண்கள் இறங்கத் தொடங்கினால் நிறுத்தி ஆற விடுங்கள்.

எண் கிடைத்ததும் தீர்ப்பு கிடைத்துவிட்டது என்று எண்ணக் கூடாது. 2012இல் வந்த டொயோட்டா 86க்கு அகலம் குறைந்த, பிடி குறைந்த 215/45 ஆர்17 மிஷெலின் பிரைமசி டயர்களை வேண்டுமென்றே போட்டார்கள். வட்டத்தில் அதன் எண் சுமார்தான். ஆனால் பிடி குறைந்த வேகத்திலேயே, மெல்ல, முன்னறிவிப்போடு விடுவதால் பலருக்கு அது மிக எளிதான கார். அதே காருக்கு அகலமான, பிடி கூடிய டயர் போட்டால் எண் ஏறும், கூடவே வழுக்கத் தொடங்கும் வேகமும் ஏறும், திருத்தக் கிடைக்கும் நேரம் குறையும்.

வட்டத்தில் காது கொடுக்க வேண்டியது ஸ்டியரிங்குக்கு. முன்டயர் தன் உச்சப் பிடியை எட்டுவதற்குச் சற்று முன்பே ஸ்டியரிங் இலேசாகும். டயர் வீதியைத் தொடும் பரப்பில் பக்க விசை செயற்படும் புள்ளி, சாதாரணமாகச் சில்லின் மையத்துக்குச் சற்றுப் பின்னால் இருக்கும். கையில் தெரியும் கனத்தில் பெரும்பங்கு அதிலிருந்து வருகிறது. வழுக்கல் நெருங்கும்போது அந்தப் புள்ளி முன்னே நகர்ந்து கனம் குறைகிறது. இந்த இலேசாகுதலைக் கைக்குக் கடத்தும் கார் ஒரு செக்கன் முன்பாகவே எச்சரித்துவிடும். மின்சார ஸ்டியரிங் உள்ள சில கார்களில் மோட்டார் அந்த மாற்றத்தை மூடிவிடுகிறது. அப்போது சாரதிக்கு எஞ்சுவது டயரின் கீச்சொலியும் இருக்கையும்தான்.

ஆக்சிலரேட்டரை விடும் சோதனை

கடினமான கார்களின் உண்மை முழுவதும் இங்கேதான் வெளிவரும், ஆகவே நேரத்தை இங்கே செலவழியுங்கள். அதே வட்டம், அதே கியர். நிலைப்பாட்டுக் கட்டுப்பாட்டை (கார் வழுக்கும்போது தானாகப் பிரேக் பிடித்துத் திருத்தும் மின்னணு அமைப்பை) முதலில் போட்டுக்கொண்டு ஓடுங்கள், பிறகு நிறுத்திவிட்டு ஓடுங்கள். பல கார்களில் பொத்தானை ஒரு தடவை தட்டினால் பாதிதான் நிற்கும், கார் நின்றிருக்கும்போது சில செக்கன் அழுத்திப் பிடித்தால்தான் முழுவதும் நிற்கும்.

எல்லை வேகத்தின் 80 சதவீதத்தில் சுற்றிக்கொண்டிருக்கும்போது ஸ்டியரிங்கை அசைக்காமல் ஆக்சிலரேட்டரை மெதுவாக விடுங்கள். அடுத்த தடவை சட்டென்று விடுங்கள். மூன்றாவது தடவை விட்டுவிட்டு இலேசாகப் பிரேக்கைத் தொடுங்கள். இதே மூன்றையும் 90 சதவீதத்தில், பிறகு எல்லையில். படி தாண்ட வேண்டாம். 80இல் வால் அசைந்த கார் எல்லையில் என்ன செய்யும் என்று அங்கேயே தெரிந்துவிடும்.

ஆக்சிலரேட்டரை விட்டதும் எடை முன்னே சாய்கிறது. முன்டயருக்குப் பிடி கூடும், பின்டயருக்குக் குறையும், மூக்கு உள்ளே திரும்பும். இது எல்லாக் காரிலும் நடக்கும். நல்ல காரில் மூக்கு கொஞ்சம் உள்ளே வந்து அங்கேயே நிற்கும், சாரதி அதை வைத்தே காரின் பாதையைச் செதுக்கலாம். 1984இல் வந்த பீஜோ 205 ஜிடிஐயை ஐரோப்பியர் கொண்டாடியதும் அதே காரைக் கண்டு பயந்ததும் இதனால்தான்: முன்சில்லு இழுக்கும் கார், வளைவில் காலை எடுத்தால் வால் சுற்றி வரும்.

எஞ்சின் நடுவில் இருக்கும் காரில் கனமெல்லாம் மையத்தில் குவிந்திருப்பதால் சுழற்சி விரைவாகத் தொடங்கும். திருத்தமும் அதே விரைவில் வேண்டும், மனிதக் கை அந்த வேகத்துக்கு வராது. பின் எஞ்சின் காரில் வால் புறப்படத் தாமதிக்கும், புறப்பட்டுவிட்டால் நிறுத்துவது பாடு. 911க்கு முன்பு இருந்த கெட்ட பெயர் இப்படித்தான் வந்தது. 1969 மாதிரிக்காகப் போர்ஷே முன்பின் சில்லுகளுக்கிடையிலான தூரத்தை 57 மில்லிமீற்றர் நீட்டியது இந்தக் குணத்தைத் தணிக்கத்தான்.

டொயோட்டா எம்ஆர்2இன் இரண்டாம் தலைமுறை 1989இல் வந்தது. ஆக்சிலரேட்டரை விட்டால் வால் திடீரென்று வீசுகிறது என்ற குறை எழ, 1992 மாதிரியிலிருந்து பின்சஸ்பென்ஷன் அமைப்பை மாற்றினார்கள், 14 அங்குலச் சில்லு 15 ஆனது, பின்டயர் அகலமானது. ஹொண்டா எஸ்2000இலும் அதேபோல: 1999இல் வந்த ஆரம்பக் கார்களில் சஸ்பென்ஷன் ஏறி இறங்கும்போது பின்சில்லின் திசை அதிகமாக மாறும், 2003 பிற்பகுதியில் வந்த மாற்றத்தில் 17 அங்குலச் சில்லோடு அதையும் குறைத்தார்கள். கொழும்பில் இவற்றில் ஒன்றை வாங்கப் பார்ப்பவருக்கு "எம்ஆர்2 பயங்கரம்" என்ற பொதுப்பேச்சால் ஒரு பயனும் இல்லை. எந்த ஆண்டுக் கார், முந்தைய சொந்தக்காரர் முன்பின் ஒரே அளவு டயர் போட்டுவிட்டாரா என்று பாருங்கள். பின்னால் அகலமாகப் போட வேண்டிய காருக்கு நான்கும் ஒரே அளவு போடுவது, பாதுகாப்புக்காக உற்பத்தியாளர் வைத்த சமநிலையைக் கழற்றி எறிவதுதான்.

சோதனையைப் பதிவு செய்ய விலையுயர்ந்த கருவி வேண்டாம். ஸ்டியரிங்கின் உச்சியில் ஒரு துண்டு வெள்ளை டேப் ஒட்டுங்கள். கைபேசியை இருக்கைகளுக்கு இடையில் உறுதியாகக் கட்டி, ஸ்டியரிங்கும் முன்கண்ணாடியும் தெரியும்படி, செக்கனுக்கு 60 சட்டகத்தில் படம் பிடியுங்கள். பிறகு சட்டகம் சட்டகமாக நகர்த்தி, வால் விலகத் தொடங்கிய சட்டகத்திலிருந்து கார் திருத்த முடியாத கோணத்துக்குப் போன சட்டகம் வரை எண்ணுங்கள். 60 சட்டகம் என்றால் ஒரு செக்கன், சாதாரண சாரதிக்குப் போதிய நேரம். 30க்குக் கீழே போனால் பழகிய கை மட்டுமே பிடிக்கும். இது அனுபவ அளவு, விதி அல்ல. ஆனாலும் இரண்டு காரை ஒரே அளவுகோலில் வைக்க உதவும். டேப் எவ்வளவு தூரம் சுற்றியது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். கால்வட்டம் திருத்தினால் நேராகும் காரும் அரைவட்டம் கேட்கும் காரும் ஒன்றல்ல.

வழுக்கலைத் திருத்திய பிறகு வருவதைத்தான் அநேகர் கவனிப்பதில்லை. வால் திரும்பி வரும்போது நேர்கோட்டில் நிற்கிறதா, தாண்டி மறுபக்கம் வீசுகிறதா? இரண்டாவது வீச்சுதான் முதலாவதைவிட அதிகக் கார்களைத் தளத்துக்கு வெளியே அனுப்புகிறது. தளர்ந்த சொக் அப்சோபர் உள்ள கார் எப்போதும் இதில் தோற்கும், ஆகவே எண்ணெய் கசிந்த சொக்கோடு இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள்.

திசை மாற்றம்

18 மீற்றர் இடைவெளியில் எட்டுக் கூம்புகளை நேர்வரிசையில் வைத்து நெளிந்து ஓடுவது எளிது. மூன்றாவது, நான்காவது கூம்பில் கார் உங்கள் தாளத்துக்குப் பிந்தத் தொடங்கினால் உடல் சாய்வதும் மீள்வதும் மந்தம் என்று பொருள்.

இதைவிடக் கடுமையானது ஐஎஸ்ஓ 3888-2 என்ற தடைதவிர்ப்புப் பாதை. மொத்தம் 61 மீற்றர்: 12 மீற்றர் நுழைவுத் தடம், 13.5 மீற்றர் மாறும் இடம், 11 மீற்றர் பக்கத் தடம், 12.5 மீற்றர் திரும்பும் இடம், 12 மீற்றர் வெளியேறும் தடம். நுழைந்தவுடன் ஆக்சிலரேட்டரை விட்டுவிட வேண்டும், பிரேக் தொடக் கூடாது. 1997 ஒக்டோபரில் சுவீடனின் ஒரு சஞ்சிகை இத்தகைய திசைமாற்றச் சோதனையில் மெர்சிடிஸ் ஏ-கிளாஸைக் கவிழ்த்தது. அதற்குப் பிறகு அந்தக் காருக்கு நிலைப்பாட்டுக் கட்டுப்பாடு கட்டாயப் பொருத்தமாக வந்தது. முதல் ஓட்டம் மணிக்கு 50இல், பிறகு ஐந்து ஐந்தாகக் கூட்டுங்கள். கூம்பு விழுந்த வேகத்துக்கு ஒரு படி கீழேதான் அந்தக் காரின் கணக்கு.

மாற்றி மாற்றி ஓட்டுவதும் எழுதுவதும்

முதல் கார், இரண்டாம் கார், மறுபடி முதல் கார். இந்த வரிசையைக் கைவிடக் கூடாது. இரண்டாவது கார் எப்போதும் நன்றாகத் தோன்றும், ஏனென்றால் அதற்குள் தளம் பழகிவிடும். முதலாவதுக்குத் திரும்பும்போதுதான் எது காரின் குணம், எது நம் பழக்கம் என்று பிரியும். குறைந்தது இரண்டு பேர் ஓட்டுங்கள், ஒருவர் தேர்ந்தவர், மற்றவர் சாதாரணமானவர். தேர்ந்தவருக்கு இனித்த கார் மற்றவரைச் சுழற்றினால் அது முரண்பாடு அல்ல, அதுதான் தகவல். இருவரும் பேசிக்கொள்வதற்கு முன் தனித்தனியாக எழுதிவிட வேண்டும். பேசிவிட்டால் குரல் பெரியவரின் கருத்து இருவரின் கருத்தாகிவிடும்.

பத்துக்கு எத்தனை என்று புள்ளி போடுவதை விட்டுவிடலாம். ஒவ்வொரு காருக்கும் இவற்றை வாக்கியமாக எழுதுங்கள்: முதல் அறிகுறி கையில் வந்ததா, இருக்கையில் வந்ததா, காதிலா, எந்தக் கட்டத்தில் (பிரேக், திரும்பும் தொடக்கம், நடுவளைவு, வெளியேறல்), எத்தனை சட்டகம் கிடைத்தது, எவ்வளவு திருத்தம் வேண்டியிருந்தது, ஈரத்தில் அதே வரிசையா, தலைகீழா. திரும்பும் தொடக்கத்தில் மூக்கு வெளியே ஓடியது என்று எழுதுமுன், வளைவுக்குள் வேகமாகப் புகுந்தது நீங்களா என்று படத்தில் பார்த்துவிடுங்கள். மூக்கு திரும்பவில்லை என்ற புகார்களில் பல, பிரேக்கை முன்கூட்டியே முழுவதும் விட்டுவிட்டுத் திருப்பியதால் வருபவை. பிரேக்கின் கடைசிப் பங்கைத் திருப்பும்போதும் பிடித்திருந்தால் மூக்கில் எடை நிற்கும், கார் திரும்பும்.

வெளிநாட்டு விமர்சனத்தைக் கொழும்பில் படிப்பது

பிரிட்டிஷ் எழுத்தாளர் நவம்பரில், பத்துப் பாகைக் குளிரில், ஈரமான கிராமத்து வீதியில் ஓட்டிய காரைப் பற்றி எழுதியிருப்பார். அந்தக் குளிரில் கோடைக்கால டயர் சூடேறவே மாட்டாது. அவர் "ஈரத்தில் கவனம்" என்று எழுதியதில் பாதி டயரின் வெப்பநிலை. முப்பது பாகையில் அந்தக் கார் வேறு மாதிரி நடக்கும். அதேநேரம் அவர் ஒருபோதும் சந்திக்காத ஒன்று இங்கே உண்டு: ஒக்டோபர், நவம்பர் மாலை மழையில் நெடுஞ்சாலையில் தேங்கும் நீர்.

விமான டயர்களுக்காக நாசா கண்ட கணக்கு ஒன்றுண்டு. டயர் அழுத்தத்தின் வர்க்கமூலத்தை 16.7ஆல் பெருக்கினால் டயர் நீரின் மேல் மிதக்கத் தொடங்கும் வேகம் மணிக்குக் கிலோமீற்றரில் கிடைக்கும். 32 பிஎஸ்ஐக்கு 94. 26க்கு 85. கார் டயருக்கு இது பருமட்டான அளவுதான், தவாளிப்பின் ஆழமும் அகலமும் அதை மாற்றும். ஆனால் நெடுஞ்சாலையின் 100 எல்லையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எடை குறைந்த, அகலமான டயர் போட்ட ஸ்போர்ட்ஸ் கார் தேங்கிய நீரில் சாதாரண சலூன் காரைவிட முதலில் மிதக்கும். பந்தயப் பாவனைக்கான அரைத் தவாளிப்பு டயரோடு காட்டப்படும் காரை நாளாந்தப் பாவனைக்கு எடைபோடவே வேண்டாம். தவாளிப்பு 3 மில்லிமீற்றருக்குக் கீழே போன டயரையும் மழைக் குறிப்பிலிருந்து நீக்கிவிடுங்கள்.

ஜேர்மன் சஞ்சிகைகள் வேகக் கட்டுப்பாடு இல்லாத நெடுஞ்சாலையில் நிலைத்தன்மையைப் பெரிதாகப் பேசும். முதல் தலைமுறை ஆடி டிடியில் மணிக்கு 180 கி.மீக்கு மேற்பட்ட வேகத்தில் விபத்துகள் நடந்து, பின்சிறகும் கட்டுப்பாட்டு அமைப்பும் சேர்க்கும்படி கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. உண்மையான குறைதான். பம்பலப்பிட்டியிலிருந்து ராஜகிரியவுக்குப் போகிறவரின் கார் தெரிவில் அதற்கு இடமில்லை. அவருக்கு முக்கியம், மேன்ஹோல் மூடியிலும் ஈரமான கடவைக் கோட்டிலும் வால் எப்படி நடந்துகொள்கிறது என்பது.

முடித்த பிறகு

கடைசி ஓட்டத்துக்குப் பிறகு பிரேக் தொடாமல் இரண்டு சுற்று மெதுவாக ஓடி ஆற விடுங்கள். சூடான டிஸ்க்கின் மேல் ஹேண்ட்பிரேக் போட வேண்டாம், முதல் கியரில் நிறுத்திச் சில்லுக்குக் கல் வையுங்கள். தொடங்கும்போது ஒவ்வொரு டயரின் தோளிலும் சோக்கால் ஒரு கோடு போட்டிருந்தால் இப்போது பாருங்கள்: கோடு அழிந்து தேய்மானம் பக்கச்சுவர் வரை இறங்கியிருந்தால் அழுத்தம் குறைவு, தோளுக்கு மேலேயே கோடு மிஞ்சியிருந்தால் கூடுதல். சூட்டோடு நான்கு டயரின் அழுத்தத்தையும் எழுதி, காலைக் குறிப்போடு ஒப்பிடுங்கள். ஒரு டயர் மட்டும் மற்றவற்றைவிட 3 பிஎஸ்ஐ கூட ஏறியிருந்தால் அந்த மூலை அதிக வேலை செய்திருக்கிறது, எலைன்மென்ட் தாளை மறுபடி எடுத்துப் பாருங்கள். சில்லு நட்டுகளை டோர்க் ரெஞ்சால் சேர்விஸ் புத்தகத்தின் அளவுக்கு இறுக்கிவிட்டு, சோதனைக்காகக் காற்றை மாற்றியிருந்தால் கதவுத் தூண் ஸ்டிக்கரின் அளவுக்கு மறுநாள் காலை குளிர்ந்த பிறகு திருப்பி அடியுங்கள்.